இரத்தப் படலமா, மின்னும் மரணமா? பாகம் பிசகாமல் வாசிக்கிற வழி

யாழ்ப்பாணத்தில் காமிக்ஸ் வாசித்து வளர்ந்த ஆட்களிடம் "எந்தக் கதை திறம்?" என்று கேட்டால், வாற பதில் ஐந்தாறு பெயருக்குள் அடங்கிவிடும். இரத்தப் படலம், மின்னும் மரணம், தங்கக் கல்லறை, கார்சனின் கடந்த காலம், எல்லாம் தமிழில் வந்த ஐரோப்பியச் சித்திரக்கதைகள். கொஞ்சம் வயதானவர்கள் என்றால் இரும்புக்கை மாயாவியும் ஸ்பைடரும். "அப்ப முடிவு என்ன மாதிரி?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டால்தான் சங்கடம். கதையைப் புகழ்கிறவர்களிலேயே பலருக்கு முடிவு தெரியாது.

அது அவர்களின் பிழையில்லை. சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கிய 1970களில், இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்கு இங்கே கட்டுப்பாடு. லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் 1984இல் வந்தன. அதற்குப் பிறகு நாடு இருந்த நிலை எல்லாருக்கும் தெரியும். 1990இலிருந்து பொருளாதாரத் தடை. 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வில் உடுப்பைத் தூக்குவதா புத்தகத்தைத் தூக்குவதா என்றால் யாரும் யோசிக்க மாட்டார்கள். மூன்றாம் பாகம் கையில் கிடைக்கும், முதலாவது கிடைக்காது. வாசிகசாலை மேசையில் கிடந்த பிரதியில் கடைசித் தாள் இருக்காது. இப்போது இந்தத் தொடர்கள் முழுத் தொகுப்புகளாக வந்துவிட்டன. ஆனால் தொகுப்பு கையில் இருந்தும் வரிசை தெரியாமல் இடையில் விடுகிறவர்கள் கனபேர். எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது, எந்த இடத்தில் சலிப்புத் தட்டும் என்று தெரிந்துகொண்டு தொடங்கினால் கடைசிவரை போகலாம்.

இரத்தப் படலத்தில் இருந்தே தொடங்குவோம், அதில்தான் ஆட்கள் அதிகம் வழி தவறுவது. எழுதியவர் ழான் வான் ஹாம், வரைந்தவர் வில்லியம் வான்ஸ், இருவருமே பெல்ஜியர்கள். முதற்பாகம் 1984இல் வந்தது. மூலக் கதை 2007இல் 19ஆம் பாகத்தோடு முடிந்தது. தமிழில் முதலில் துண்டு துண்டாக வந்து, 2010இல் கறுப்பு வெள்ளையில் ஒரே தடித்த தொகுப்பாகி, பிறகு வண்ணத்திலும் வந்தது. கடற்கரையில் குண்டடி பட்டு ஒதுங்கிய ஒருவனை ஒரு கிழவனும் கிழவியும் காப்பாற்றுகிறார்கள். அவனுக்குப் பழைய ஞாபகம் ஒன்றும் இல்லை. காறை எலும்புக்குக் கிட்ட ரோம எண்ணில் 13 என்று பச்சை குத்தியிருக்கிறது. இறந்துபோன தங்கள் மகனின் பெயரையே, ஆலன் என்று, அவனுக்கு வைக்கிறார்கள். பிறகு பார்த்தால் அமெரிக்க ஜனாதிபதி ஷெரிடனைச் சுட்டவன் இவன்தானோ என்ற சந்தேகம்.

இனி அவனுக்குப் பெயர் மாறிக்கொண்டே போகும். ஸ்டீவ் ரோலண்ட், ராஸ் டானர், ஜேசன் ஃப்ளை என்று ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கடந்த காலம். மூன்றாம் பாகம் தாண்டும்போது வாசகன் குழம்புவது இதனால்தான். மருந்து சுலபம்: ஒரு கொப்பியை எடுத்து, இடப் பக்கத்தில் 1 முதல் 20 வரை கீழ் நோக்கி எழுதுங்கள். ஜனாதிபதி கொலைக்குப் பின்னால் சதிகாரர் இருபது பேர், ஒவ்வொருவருக்கும் ஓர் எண். யாருடைய எண் வெளிவருகிறதோ அந்த வரியில் பெயரையும் பாகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வலப் பக்கத்தில் நாயகனின் பெயர்களை, எந்தப் பாகத்தில் வந்தது, யார் சொன்னது என்ற விபரத்தோடு எழுதுங்கள். "யார் சொன்னது" என்ற நிரலை விடவே கூடாது. இந்தக் கதையில் பொய் சொல்கிறவர்கள்தான் கூட. தமிழ்ப் பதிப்புகளில் ஒரே ஆளின் பெயர் இரண்டு விதமாக எழுத்துக்கூட்டி வந்தாலும் கொப்பி கைகொடுக்கும்.

நிறுத்தும் இடங்களும் இருக்கின்றன. 1 முதல் 5 வரை ஒரு மூச்சு. ஐந்தாவதின் முடிவில் ஒரு பெரிய ஆபத்து கடக்கிறது, கொஞ்சம் ஆறலாம். 6உம் 7உம் ஒட்டுப் பிறந்தவை. ஒரு சிற்றூரில் ஓகஸ்ட் 3 இரவு நடந்த கொலைகளைப் பற்றியவை. ஆறை வாசித்துவிட்டு இரண்டு கிழமை விட்டால் ஊர்க்காரரின் முகமெல்லாம் மறந்துபோகும், பிறகு ஏழு விளங்காது. எட்டோடு சதியின் தலை யாரென்பது தெரியவரும். நல்ல ஓய்விடம் அதுதான். 9, 10, 11 இலத்தீன் அமெரிக்கப் பக்கம் போகின்றன. பலர் "கதை திசைமாறிப் போச்சு" என்று விடுவதும் இங்கேதான். விடாதீர்கள். 11இல் வருகிற மூன்று வெள்ளிக் கடிகாரங்கள்தான் பின்னால் 17வரை கதையை இழுத்துக்கொண்டு போகிறவை. 13ஆவது சித்திரக்கதையே இல்லை என்று சொல்லலாம், பெரும்பாலும் விசாரணைக் கோப்பு, எழுத்துத்தான். முதல் வாசிப்பில் அதைத் தாண்டிப் போனாலும் பிழையில்லை. இதுவரை வந்ததெல்லாம் ஒரு பத்திரிகையாளர் தொகுத்த மாதிரி இருப்பதால், கொப்பி எழுதாதவர்களுக்கு அதுவே கொப்பி.

18இல் வேறொரு சிக்கல். அதை வரைந்தவர் வான்ஸ் இல்லை, மின்னும் மரணத்தின் நாயகன் கேப்டன் டைகரை வரைந்த ழான் ஜிரோ. முகங்கள் மாறியிருக்கும், கோடு மாறியிருக்கும், கதையும் பழைய காலத்துக்கு, அயர்லாந்துக்கு, போய்விடும். "புத்தகத்தை மாறிக் கட்டிப்போட்டாங்களோ" என்று பைண்டிங்கைப் புரட்டிப் பார்க்கிற ஆட்கள் உண்டு. மாறவில்லை, இருப்பதே அப்படித்தான். 18ஐயும் 19ஐயும் ஒரே நாளில் முடியுங்கள். மூலத்திலும் இரண்டும் சேர்ந்துதான் வெளிவந்தன. அதற்குப் பிறகு வேறு எழுத்தாளரும் வேறு ஓவியரும் 2011இலிருந்து தொடர்கிற கதையும், ஒவ்வொரு துணைப் பாத்திரத்துக்குமான கிளைக்கதைகளும் இருக்கின்றன. கிளைக்கதைகளில் மங்கூஸ் என்ற கொலைகாரனுடையது திறம். ஆனால் 19ஐ முடிக்காமல் அந்தப் பக்கமே போகக் கூடாது, முடிச்செல்லாம் அவிழ்ந்துவிடும்.

கறுப்பு வெள்ளையா வண்ணமா என்று ஓயாத தர்க்கம் ஒன்று இருக்கிறது. வான்ஸின் நிழல் கறுப்பு வெள்ளையில்தான் எடுப்பு என்பார்கள், அது மெய்தான். ஆனால் சின்ன அளவில், மலிவுத் தாளில், இராக் காட்சிகளில் மை ஊறி யார் யாரைச் சுடுகிறார் என்றே தெரியாது. முதல் தரம் வாசிக்கிறவருக்கு வண்ணம்தான் நல்லது.

கேப்டன் டைகர் கதைகளில் தலைகீழான பிரச்சினை. கதை விளங்கும், வரிசைதான் பிழைக்கும். மூலப் பெயர் புளூபெரி. ழான்-மிஷேல் சார்லியே எழுத ஜிரோ வரைந்தார், 1963இல் பிரெஞ்சு வாரப் பத்திரிகையில் தொடங்கியது. இரத்தக் கோட்டைதான் முதல், ஐந்து பாகம். அதனால் அதிலிருந்தே தொடங்க வேண்டும் என்று நினைப்பார்கள். எங்கள் ஆலோசனை வேறு. ஜிரோவின் கை அந்தக் காலத்தில் இன்னும் பழகவில்லை, படங்கள் நெருக்கம், வசனமும் அதிகம். புதிதாக வருகிறவருக்கு தங்கக் கல்லறை இரண்டு பாகத்தையும் கொடுங்கள். தொலைந்த தங்கச் சுரங்கம், மலைக்குள் யாரோ மறைந்திருந்து தங்கக் குண்டால் சுடுகிறான், நல்லவன் கெட்டவன் எல்லாரும் ஒரே பாதையில் நாக்கு வறண்டு போகிறார்கள். இரண்டாம் பாகத்தில் அந்தக் குன்றுக் குடியிருப்பு வருகிற பக்கங்களை மெதுவாகப் பாருங்கள். கட்டம் கட்டமாக மனிதன் சிறுத்துக்கொண்டே போவான், பாறை பெருத்துக்கொண்டே போகும். வசனமே தேவைப்படாது.

அடுத்தது மின்னும் மரணம், 11 பாகம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோற்ற தென்மாநிலக் கூட்டமைப்புப் படையின் ஐந்து இலட்சம் டொலர் தங்கத்தைத் தேடப் போன டைகர் தானே திருடன் ஆக்கப்பட்டு, சிறைக்குப் போய், ஜனாதிபதி கிராண்டைக் கொல்ல வந்தவன் என்ற பழியும் சுமந்து, பெயரை மீட்கிற வரைக்குமான கதை. 1973இல் தொடங்கி 1990இல் முடிந்ததால் நடுவில் ஒரு தையல் தெரியும்: ஐந்தாம் பாகம் 1975, ஆறாம் பாகம் 1980. இடையில் ஜிரோ வேறு வகைப் படைப்புகளுக்குப் போய்வந்தார். ஆறில் டைகரின் முகம், மண், குதிரை எல்லாம் காற்றோட்டமாகிவிட்டிருக்கும். கடைசிப் பாகம் முடியுமுன் 1989இல் சார்லியே காலமாகிவிட, மிச்சத்தை ஜிரோவே முடித்தார். கடைசிப் பாகம் மற்றவற்றிலிருந்து விலகி, பாதி பகிடியும் பாதி காதலுமாக இருப்பதைக் கண்டு ஏமாறுகிறவர்கள் பத்தாம் பாகத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், கதை அங்கேயே முடிந்துவிடுகிறது.

இதற்குப் பிறகு இரத்தக் கோட்டை. என் பெயர் டைகர் கட்டாயம் கடைசியில்தான். டூம்ஸ்டோனில் 1881இல் நடந்த ஓகே கொரல் துப்பாக்கிச் சண்டையைச் சுற்றியது. டைகர் பெரும்பாலும் கட்டிலில் படுத்துக்கொண்டு பழங்கதை சொல்வார். முதலாவதாக இதை வாசித்தவர் "இதுக்கா இவ்வளவு கொண்டாட்டம்?" என்று கேட்பார், அவரைக் குறை சொல்ல ஏலாது. இளம் வயது டைகரின் உள்நாட்டுப் போர்க் கதைகள் தனிக் கிளை. எப்போது வாசித்தாலும் ஒன்றுதான்.

டெக்ஸ் வில்லர் என்ற கௌபாய் நாயகனின் கதைகளுக்கு இந்தத் தலையிடி இல்லை. 1948இல் இத்தாலியில் ஜியான் லூயிஜி பொனெல்லியும் ஓரேலியோ கலெப்பினியும் உருவாக்கியது, எந்தக் கதையையும் எடுத்து வாசிக்கலாம். கார்சனின் கடந்த காலம் மட்டும் விதிவிலக்கு. மௌரோ பொசெல்லி எழுதிய இந்த 1994ஆம் ஆண்டுக் கதை வேலை செய்வது, கார்சனை முதலே தெரிந்தவர்களிடம்தான். எப்போதும் முறைப்பாடு சொல்லிக்கொண்டு டெக்ஸுக்குப் பின்னால் வருகிற அந்தக் கிழவருக்கு இப்படியொரு இளமை, ஒரு நண்பன், ஒரு பாடகி இருந்தார்கள் என்று தெரிகிறபோது வருகிற அதிர்ச்சிதான் கதை. ஆகவே அதற்கு முன் நாலைந்து டெக்ஸ் கதையாவது வாசித்திருக்க வேண்டும். ஒரே புத்தகமாகக் கிடைப்பதையே வாங்குங்கள். பிரித்து வாசித்தால் முன்கதை எது நிகழ்கதை எது என்று பிடிபடாது.

லக்கி லூக் பத்து வயசுப் பிள்ளைக்கும் ஓடும், அறுபது வயசுக்கும் ஓடும், வரிசை வேண்டாம். கோசினி எழுதியவை என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

மாயாவியைப் பற்றி ஒரு விசயம். லூயிஸ் கிராண்டேலின் வலக் கை இரும்பு. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறையும், கை மட்டும் தெரியும். இந்தக் கதைகள் 1962இலிருந்து ஒரு பிரித்தானிய வாராந்தரியில் கிழமைக்குக் கொஞ்சப் பக்கமாக வந்தவை. அதனால் ஒவ்வொரு இரண்டு மூன்று பக்கத்துக்கும் ஒருக்கால் ஆபத்து வந்தே ஆகவேண்டும். இன்றைக்குப் புத்தகமாக ஒரே இருப்பில் வாசிக்கிறவருக்கு "திரும்பவும் மாட்டுப்பட்டான், திரும்பவும் தப்பினான்" என்று அலுப்பு வருவது இதனால்தான். நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு பக்கமாக வாசியுங்கள், பழைய ருசி வரும். முதற்கதையில் அவர் கெட்டவராகத் திரிவார், நிழல் படை என்ற உளவு அமைப்புக்கு வருவது பிறகு. ஸ்பைடரும் அப்படித்தான், குற்றவாளிகளுக்குச் சக்கரவர்த்தியாக வரவேண்டும் என்று தொடங்குகிறவர். இரண்டிலும் அந்தத் தொடக்கக் கதையை மட்டும் முதலில் வாசித்தால் போதும். ஸ்பைடரின் பல கதைகளை எழுதியவர் சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெரி சீகல். அந்தப் பெருங்கற்பனைக்குக் காரணம் விளங்கும்.

பழைய புத்தகம் வாங்கும்போது பெயர்க் குழப்பம் ஒன்று உண்டு. ராணி காமிக்ஸில் மாயாவி என்று வருகிறவர் இரும்புக்கைக்காரர் இல்லை, காட்டில் மண்டையோட்டு மோதிரத்தோடு திரிகிற முகமூடிக்காரர். முத்துவில் அவரே வேதாளர். தொலைபேசியில் "மாயாவி இருக்கு" என்று யாராவது சொன்னால், எந்தப் பதிப்பகம் என்று கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.

படம் பார்த்துவிட்டு இப்போது ஆங்கிலத்தில் வாசிக்க வருகிற பெடியளும் பெட்டையளும் இருக்கிறார்கள். அவர்களிடம் பத்து வருட இதழ்களையும் வாசி என்று சொல்லிப் பயமுறுத்த வேண்டாம். ஸ்பைடர்மேன் 121, 122 இரண்டு இதழும் போதும், 1973இல் வந்தவை. பாலத்திலிருந்து விழும் காதலி குவென் ஸ்டேசியை ஸ்பைடர்மேனின் வலை எட்டிப் பிடிக்கிறது. கழுத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சத்தச் சொல் எழுதியிருக்கும். அவ்வளவு சின்னது, கெதியாய்ப் புரட்டினால் கண்ணில் படாது. விழுந்ததால் செத்தாளா, பிடித்ததால் செத்தாளா என்ற வாதத்துக்கு அந்தச் சொல்தான் ஆதாரம். எக்ஸ்-மென்னின் டார்க் ஃபீனிக்ஸ் கதை 1980இல் 129இலிருந்து 138 வரை. ஆனால் நாயகி ஜீன் கிரே ஃபீனிக்ஸ் ஆகிற 1976இன் 101ஆம் இதழை முதலில் வாசிக்காவிட்டால் அவளின் சாவு வெறும் சாவாகப் போய்விடும். 1992 நவம்பரில் வந்த சூப்பர்மேன் மரணத்தில் கட்டங்களை எண்ணிப் பாருங்கள்: கடைசி நாலு இதழில் பக்கத்துக்கு நாலு கட்டம், பிறகு மூன்று, பிறகு இரண்டு, 75ஆம் இதழில் பக்கத்துக்கு ஒன்று. கைபேசியில் கட்டம் கட்டமாகப் பெருப்பித்து வாசிப்பவருக்கு இது தெரியவே தெரியாது. முழுப் பக்கத்தையும் ஒரே பார்வையில் பார்க்கிற திரை வேண்டும்.

வாங்குவதற்கு வருவோம். பெரிய தொகுப்புகளைச் சிவகாசியில் முன்பதிவுக்கு ஏற்ற மாதிரி அளவாகத்தான் அச்சடிக்கிறார்கள். அறிவிப்பு வரும்போது பணம் கட்டாதவர் பிறகு இரட்டிப்பு விலையில் கைமாறலுக்கு அலைய வேண்டியதுதான். தபால் எடைக்குத்தான் காசு. பதினொரு பாகத் தொகுப்பு வழுவழுத் தாளில் கெட்டி அட்டையோடு ஒன்றரை, இரண்டு கிலோ வரும். தனித்தனியாக அழைக்காமல் நாலு பேர் சேர்ந்து ஒரே பொதியாக எடுப்பதும், சென்னை போய் பலாலியால் திரும்புகிறவரிடம் சொல்லிவிடுவதும் நடக்கிற காரியம். சொல்லிவிடுவதென்றால் எடையை முதலே சொல்லிவிடுங்கள், சின்ன விமானம், பொதிக் கணக்கு இறுக்கம்.

பழைய பிரதி என்றால் முன்அட்டையைப் பார்த்து மயங்காமல் நடுப்பக்கத்தைத் திறவுங்கள். நடுவில் கம்பி அடித்த புத்தகத்தில் ஒரு தாள் மடிந்து முன்னுக்கும் பின்னுக்கும் வரும். முன்னால் ஒரு தாள் கழன்றிருந்தால் பின்னால் அதன் சோடியும் போயிருக்கும், அல்லது தொங்கிக்கொண்டிருக்கும். கணக்கு இது: மொத்தப் பக்கத்தோடு ஒன்றைக் கூட்டி, இல்லாத பக்க எண்ணைக் கழியுங்கள். 64 பக்கப் புத்தகத்தில் 3, 4 இல்லையென்றால் 62, 61ஐத் தேடுங்கள். முடிவு போன புத்தகங்கள் இந்த ஊரில் இவ்வளவு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்: அட்டையோடு ஒட்டிய முதல் தாள் கிழியும்போது கடைசித் தாளும் கூடவே போய்விடும். ஓரத்தில் கம்பி அடித்ததில் இந்தக் கணக்கு செல்லாது, ஒவ்வொன்றாக எண்ணத்தான் வேண்டும்.

உப்புக் காற்றுக்குக் கம்பி துருப்பிடித்துத் தாளைத் தின்னும். மொட்டைக் கத்தியின் முதுகால் உள்பக்கக் காலை நிமிர்த்தி, வெளிப்பக்கத்தால் மெதுவாக இழுத்து எடுங்கள். இருக்கிற துளைகளோடு நடுவில் ஒன்று கூட்டி, பருத்தி நூலால் மூன்று துளைத் தையல் போடுங்கள். நைலோன் நூல் வேண்டாம், தாளை அறுக்கும். கிழிசலுக்கு செலோ டேப் ஒட்டாதீர்கள். நாலைந்து மாரியில் பசை மஞ்சளாகி எழுத்துக்குள் இறங்கும், பிறகு உரிக்கவும் ஏலாது. மெல்லிய டிசூ தாளும் கோதுமை மாப் பசையும் போதும். மாப் பசைக்குப் பூச்சி வரும் என்றுதான் பைண்டிங்காரர் துளி மயில்துத்தம் கலக்கிறார்கள். அது நஞ்சு, பிள்ளைகள் கைபடாமல் செய்யுங்கள்.

அலுமாரியைச் சுவரோடு ஒட்டி வைத்தால் கறையான் வரும், ஒரு சாண் தள்ளி, கால்களுக்குக் கீழே கல் வைத்து நிறுத்துங்கள். வேப்பிலை போடுகிறவர்கள் நன்றாகக் காய்ந்ததைப் போட வேண்டும். பச்சையாகப் போட்டால் ஈரத்தைப் புத்தகம் குடிக்கும். மாரி முடிந்ததும் நிழலில் விரித்து ஆறவிடுங்கள். வெயிலில் காயவிட்டால் பழைய செய்தித்தாள் ரகத் தாள் மொறுமொறுத்து விளிம்பால் உதிரும்.

இரவல் கொடுப்பதில் ஒரே ஒரு நடைமுறை: தொடர்கதை என்றால் ஒரு பாகம் திரும்பி வந்த பிறகுதான் அடுத்த பாகம். தடித்த தொகுப்பென்றால் இது முடியாது. அப்போது கொப்பியையும் சேர்த்துக் கொடுங்கள், ஆனால் இருபது வரியும் நிரப்பிய கொப்பியை அல்ல, வெறும் எண் மட்டும் போட்ட புதுக் கொப்பியை. நிரப்பியதைக் கொடுத்தால் எட்டாம் பாகத்தில் தெரிய வேண்டியது முதல் நாளே தெரிந்துவிடும்.